தாழ்வான வானத்தில் யாருக்கு முதல் வழி?

2021 ஆகஸ்ட் 10 அன்று, கனடாவில் டொராண்டோவுக்கு வடக்கே அப்போது இயங்கிவந்த பட்டன்வில் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்று தரையிறங்க வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் இருவர்: பயிற்சி பெறும் ஒருவர், பயிற்சியாளர் ஒருவர். ஓடுபாதைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே விமானத்தின் முன்பக்கம் எதிலோ பலமாக மோதியது. பெரிய பறவை ஏதாவது அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பத்திரமாக இறங்கினார்கள். இறங்கிப் பார்த்தால் எஞ்சின் மூடி நசுங்கியிருந்தது, புரொப்பெல்லரிலும் அடி. மோதியது பறவை இல்லை. போலீஸ் பணிக்காக அந்தரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு ட்ரோன்.

இந்த நிகழ்வை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில் விஷமி என்று யாரும் இல்லை. ட்ரோன் பற்றிய பயம் பெரும்பாலும் வேறு மாதிரிதான் நம்மை வந்தடைந்திருக்கிறது. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்துக்கு அருகே ட்ரோன் பறப்பதாக வந்த தகவல்களால் சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1,40,000 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். யார் செய்தது என்பது கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படிப்பட்ட செய்திகளில் ஒரு குற்றவாளியும் ஒரு பெரிய விமான நிலையமும் இருக்கும். பட்டன்வில்லில் இரண்டு தரப்பும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஒரே இடத்தை இருவரும் பயன்படுத்தினார்கள், மோதலுக்கு முன் ஒருவரை ஒருவர் காணவில்லை. தாழ்வான வானத்தின் சிக்கல் இந்தக் காணாமையில்தான் இருக்கிறது.

தாழ்வான வானம் என்று நான் சொல்வது தரையிலிருந்து சில நூறு மீட்டர் வரையிலான காற்றை. பயணிகள் விமானங்கள் அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் இருக்கும். மற்ற நேரமெல்லாம் அது துணி இறக்கையின் கீழே தொங்கிப் பறக்கும் பாராகிளைடர், ஹேங் கிளைடர், முதுகில் மோட்டார் கட்டிப் பறக்கும் பாராமோட்டார், வெப்பக்காற்று பலூன், இலகுரக விமானம், எஞ்சின் இல்லாத கிளைடர் ஆகியவற்றின் இடம். இவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்காகப் பறப்பவர்கள் அல்லர். வார இறுதியில், காற்று ஒத்துவந்தால், பறப்பதற்காகவே பறப்பவர்கள். ஓட்டோ லிலியன்தால் 1891 முதல் 1896 வரை குன்றுகளிலிருந்து கிளைடரில் பறந்து பார்த்த காலத்திலிருந்து தொடர்ந்து வரும் மரபு இது. எஞ்சின் விமானமே இந்த மரபுக்குப் பிறகு வந்ததுதான்.

கண்ணை நம்பும் சட்டம்

வான்வெளியை உலக அளவில் ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ வகுப்பில் ஒவ்வொரு விமானமும் கட்டுப்பாட்டாளரின் சொல்படிதான் நகரும். மறுகோடியில் இருக்கும் ஜி வகுப்பில் கட்டுப்பாட்டாளர் யாரும் இல்லை. பொழுதுபோக்குப் பறப்பில் பெரும்பகுதி இந்த ஜி வகுப்பிலும் அதற்கு அடுத்த சில வகுப்புகளிலும்தான் நடக்கிறது. அங்கே இரண்டு விமானங்கள் மோதாமல் இருப்பதற்கு அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான்: பார், விலகு. வெளிச்சமும் தெளிவான வானமும் இருக்கிற வரை விமானி தன் கண்ணால் மற்றவரைப் பார்த்து ஒதுங்கிப் போக வேண்டும்.

இது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பது வெகுகாலமாகவே தெரியும். 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே, சுமார் 21,000 அடி உயரத்தில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். இரண்டுமே லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சில நிமிட இடைவெளியில் கிளம்பியவை. மோதிய இடத்தில் யாரும் அவற்றை ரேடாரில் கண்காணிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து விலகுவது விமானிகளின் பொறுப்பாக இருந்தது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் 1958இல் அமெரிக்காவில் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து அமைப்பு உருவானது. பெரிய விமானங்களுக்கு ரேடார், ரேடாருக்குத் தானே பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர், மோதல் எச்சரிக்கைக் கருவி என்று அடுக்கடுக்காகப் பாதுகாப்பு வந்தது. கீழே இருந்தவர்களுக்கு வாய்த்தது பழைய கண்தான்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்குத் தரும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பொருளைக் கண் பார்ப்பதற்கு 0.1 நொடி. அது விமானம் என்று புரிய 1 நொடி. அது நம்மை நோக்கித்தான் வருகிறது என்று உணர 5 நொடி. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி. கை அசைய 0.4 நொடி, விமானம் அதற்கு இணங்கித் திரும்ப 2 நொடி. மொத்தம் 12.5 நொடி.

இந்தக் கணக்கை ஒரு ட்ரோனுக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய விமானம் ஒன்று மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 51 மீட்டர் கடக்கும். 12.5 நொடியில் சுமார் 640 மீட்டர். அதாவது 640 மீட்டர் தொலைவிலேயே ட்ரோன் கண்ணில் பட்டாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் நடுத்தர ட்ரோன் ஒன்றின் அகலம் சுமார் 35 சென்டிமீட்டர். அவ்வளவு தூரத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிப் பிடித்த தாளில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புள்ளி வைத்தால் அவ்வளவு. நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற எல்லையை ஒட்டிய அளவு அது. அதுவும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து, அங்கேயே உற்றுப் பார்த்தால்தான். கண்ணின் கூர்மையான பார்வை விழும் பரப்பு சுமார் 2 டிகிரி மட்டுமே. மற்ற இடமெல்லாம் மங்கல்.

இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. மோதப் போகிற பொருள் விமானத்தின் முன்கண்ணாடியில் நகராது. இரண்டு பேரும் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போகும்போது, ஒருவருக்கு மற்றவர் எப்போதும் ஒரே திசையில்தான் தெரிவார். பக்கவாட்டில் நகரும் பொருள் சட்டென்று கண்ணை இழுக்கும். நகராத புள்ளி கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி இருந்துவிடும். அந்தப் புள்ளி வெகுநேரம் புள்ளியாகவே இருந்து, கடைசி இரண்டு மூன்று நொடிகளில் பூ விரிவது போல் பெருக்கும். அப்போது விலக நேரம் இருக்காது. வெறும் நீலவானத்தைப் பார்க்கும் கண், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல், தானாகவே கிட்டத்துக்குக் குவிந்துவிடுவதும் உண்டு. பார்த்து விலகும் முறையின் இந்தக் குறைகளை ஆஸ்திரேலியாவின் விமானப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு 1991இலேயே விரிவான அறிக்கையாக வெளியிட்டது. ட்ரோன் என்ற சொல் அப்போது இந்தப் பேச்சில் இல்லை. முழு விமானத்தையே பார்ப்பது அவ்வளவு கஷ்டம் என்றால், அதில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லாத பொருளை எப்படிப் பார்ப்பது?

ட்ரோன் இயக்குபவருக்குத் தரையில் நின்று பார்ப்பது கொஞ்சம் எளிது என்று வாதிடுவார்கள். ஓரளவு சரிதான். தாழ்வாக வரும் எஞ்சின் விமானத்தின் சத்தம் முன்கூட்டியே காதில் விழும். பல சுழலிகள் கொண்ட ட்ரோனைச் சட்டென்று கீழே இறக்கிவிடவும் முடியும். கிளைடருக்கும் பாராகிளைடருக்கும் சத்தமே கிடையாது. தலைக்கு நேர் மேலே வந்த பிறகும் தெரியாமல் போகலாம்.

30 மீட்டர் இடைவெளி

ட்ரோன்களுக்கு உயர வரம்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா என்று பல இடங்களிலும் சிறப்பு அனுமதி இல்லாத ட்ரோனுக்கு உச்ச வரம்பு 400 அடி, ஏறத்தாழ 120 மீட்டர். மனிதர் பறக்கும் விமானங்களுக்கு ஊர்களுக்கு வெளியே பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச உயரம் 500 அடி, ஏறத்தாழ 150 மீட்டர். நடுவில் 30 மீட்டர் இடைவெளி. படத்தில் வரைந்து பார்த்தால் அழகாக இருக்கும்: கீழ்த்தளம் ட்ரோனுக்கு, மேல்தளம் மனிதருக்கு.

அந்த 400 அடி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 1981இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு, ரேடியோ மூலம் பொம்மை விமானம் விடுகிற பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு சிறிய ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டது. 400 அடிக்கு மேல் விடாதீர்கள் என்றது. அன்றைக்கு அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு மைதானத்தில், சங்கத்தின் கண்ணெதிரே, பார்வைக்கு எட்டும் தூரத்தில் விமானம் விட்டவர்கள். பல கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படம் பிடித்துத் திரும்பும் இயந்திரம் அவர்களிடம் இல்லை. ஒரு மைதானத்துக்கான அறிவுரை இன்று கண்டங்களின் வான்வெளியைப் பிரிக்கும் கோடாகிவிட்டது.

அந்தக் கோடு பொழுதுபோக்குப் பறப்போருக்குச் சுவராக இல்லை. 500 அடி விதியிலேயே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் விலக்கு உண்டு. சிறு விமானத் திடல்களைச் சுற்றி விமானங்கள் தாழ்ந்துதான் வரும், போகும். வெப்பக்காற்று பலூன் இறங்க இடம் தேடி மரங்களின் தலையை உரசியபடி போகும். எஞ்சின் இல்லாத கிளைடருக்குத் திடலை எட்டும் உயரம் கிடைக்காவிட்டால் ஏதோ ஒரு வயலில் இறங்கியாக வேண்டும். அது எந்த வயல் என்பது அவருக்கே ஐந்து நிமிடத்துக்கு முன் தெரியாது. மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றில் பறக்கும் பாராகிளைடர்கள் சரிவை ஒட்டி, சில வேளை 20, 30 மீட்டர் தள்ளி, மணிக்கணக்கில் போய்வரும். அந்தக் காற்று அங்கேதான் இருக்கிறது. உயரே போகச் சொன்னால் போக முடியாது. அமெரிக்காவில் 1982இல் வந்த அல்ட்ராலைட் விதிகள், 115 கிலோவுக்கும் குறைவான எஞ்சின் பறப்பிகளைப் பறக்க உரிமமே தேவையில்லை என்று விட்டன; அந்த விதிகளில் குறைந்தபட்ச உயரம் என்று ஒன்று இல்லை. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரும், மின்கம்பி பார்க்கப் போகும் ஹெலிகாப்டரும், பயிருக்கு மருந்தடிக்கும் விமானமும் எல்லாம் அந்தக் கீழ்த்தளத்தில்தான்.

உயரத்தை அளப்பதிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. விமானத்தில் இருக்கும் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து, பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டும். பல ட்ரோன்களின் திரையில் தெரியும் உயரமோ, அது கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு மேலே என்பது. 200 மீட்டர் உயரக் குன்றின் விளிம்பில் நின்று ட்ரோனை 120 மீட்டர் ஏற்றி, பள்ளத்தாக்கின் மேலே நேராக விட்டால் திரையில் 120 என்றே இருக்கும். அதன் அடியில் இருக்கும் தரையோ இப்போது 320 மீட்டர் கீழே. இயக்குபவர் மனதறிந்து எந்த விதியையும் மீறவில்லை. அந்தக் குன்றின் விளிம்புதான் பாராகிளைடர்கள் கிளம்புவதற்கும் ஏற்ற இடம். அழகான காட்சியும் நல்ல காற்றும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. இரண்டு பொழுதுபோக்குகளும் அங்கேயே சந்தித்துக்கொள்கின்றன.

பார்வைக்கு எட்டும் தூரத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 செப்டம்பர் 21 சம்பவம் சாட்சி. நியூயார்க் ஸ்டேட்டன் தீவுக்கு அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்றில் டிஜேஐ நிறுவனத்தின் பேன்டம் 4 ட்ரோன் மோதியது. சுழலி இறக்கையில் அடி, உடலில் ட்ரோன் துண்டுகள். ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியது. இயக்கியவர் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தார். ட்ரோன் திரும்பாததைக் கண்டு அது தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். விசாரணை அதிகாரிகள் தேடி வந்த பிறகுதான் அது எதில் மோதியது என்றே அவருக்குத் தெரிந்தது. திரையில் படம் தெரிவதை நாம் பார்ப்பது என்று நம்பிவிடுகிறோம். கேமரா ஒரு திசையில் மட்டும் பார்க்கிறது.

ஒன்றரை கிலோ பறவையும் ஒன்றரை கிலோ ட்ரோனும்

பறவை மோதுவது விமானத்துக்குப் புதிதல்ல. அதைத் தாங்கும்படிதான் பல பாகங்களை வடிவமைக்கிறார்கள். அதே எடைதானே, ட்ரோனால் மட்டும் என்ன வந்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. விடை பொருளில் இருக்கிறது. வேகமாக மோதும்போது பறவையின் உடல் ஏறக்குறைய தண்ணீர் போல் சிதறிப் பரவும். ட்ரோனுக்குள் எஃகும் செம்பும் சுற்றிய மோட்டார்கள், கட்டியான பேட்டரி, கேமரா எல்லாம் இருக்கின்றன. இவை சிதறுவதில்லை, துளைக்கின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்புக்காகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்து 2017இல் வெளியான ஆய்வு, ஒரே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் அதிகச் சேதம் விளைவிக்கும் என்று கண்டது. 2018இல் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு சிறிய ட்ரோனை மணிக்கு சுமார் 383 கிலோமீட்டர் வேகத்தில் மூனி எம்20 என்ற சிறு விமானத்தின் இறக்கை மீது ஏவிப் பார்த்தார்கள். அது முன்விளிம்பைப் பிய்த்து உள்ளே புகுந்து, இறக்கையின் முதுகெலும்பான முதன்மைச் சட்டத்தைச் சேதப்படுத்தியது. அந்த வேகம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ட்ரோன் தயாரிப்பு நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. வேகத்தைப் பற்றிய சர்ச்சை ஒருபுறம் இருக்க, பரவுவதா துளைப்பதா என்ற வேறுபாடு அப்படியேதான் நிற்கிறது.

2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோது, கடலில் தண்ணீர் அள்ளி ஊற்றும் சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தின் இறக்கையில் ஒரு சிறிய ட்ரோன் ஓட்டை போட்டது. 250 கிராம் எடையைச் சுற்றிய வகை அது. விமானம் விழவில்லை, ஆனால் தீ கொழுந்துவிட்ட நாட்களில் பழுதுபார்க்க நிறுத்தி வைக்கப்பட்டது. தீயை வேடிக்கை பார்க்க விட்ட ட்ரோன்.

இதெல்லாம் உலோக இறக்கைக்கு. பாராகிளைடரின் இறக்கை நைலான் துணி. அதைத் தாங்குவது ஒரு மில்லிமீட்டரைச் சுற்றிய தடிமனுள்ள கயிறுகள். கீழே இருக்கையில் ஒரு மனிதர், அவரைச் சுற்றிக் கூண்டு கூட இல்லை. அவருடைய வேகம் குறைவு என்பதால் மோதலின் விசை குறையும், அது உண்மை. ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் நான்கு விசிறிகள் கயிறுகளுக்குள் புகுந்து சிக்கினால் இறக்கையின் வடிவமே குலையும். துணை பாராசூட் இருக்கிறது. அது விரிய உயரம் வேண்டும். ட்ரோன்கள் அதிகம் இருக்கும் உயரத்தில், சரிவை ஒட்டி, அந்த உயரம் பல நேரம் இருப்பதில்லை.

எல்லோரும் பேசுகிறார்கள், வேறு வேறு மொழியில்

கண்ணால் முடியாததை மின்னணு செய்யட்டும் என்பது இயல்பாகத் தோன்றும் வழி. அதற்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. பிரச்சினை, அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை.

பெரிய விமானங்களிடம் இருப்பது ஏடிஎஸ்-பி. செயற்கைக்கோள் மூலம் தெரிந்துகொண்ட தன் இடத்தை ஏறத்தாழ ஒவ்வொரு நொடியும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் கட்டுப்பாட்டு வான்வெளியின் பெரும்பகுதியில் இது கட்டாயம். மின்சாரம் உற்பத்தி செய்யும் எஞ்சின் இல்லாத கிளைடர்களுக்கும் பலூன்களுக்கும் பல இடங்களில் விலக்கு கொடுத்தார்கள்.

கிளைடர்க்காரர்கள் தங்களுக்குள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஃபிளார்ம் என்ற சிறு கருவி 2004இல் சுவிட்சர்லாந்தில் கிளைடர் விமானிகளாலேயே உருவாக்கப்பட்டது. கிளைடர்களிடையே நிகழ்ந்த மோதல்கள்தான் அதற்குக் காரணம்; ஒரே தெர்மலில், அதாவது சூடாகி மேலெழும் ஒரே காற்றுத்தூணில், பல கிளைடர்கள் அடுத்தடுத்துச் சுற்றுவது வழக்கம். அதன் அருமை அது எதை எச்சரிக்காமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. கிட்டத்தில் யாரோ இருக்கிறார் என்பதற்காகக் கத்தாது. இருவரும் எந்த வளைவில் போகிறார்கள் என்று கணித்து, மோதும் வாய்ப்பு இருந்தால் மட்டும் குரல் கொடுக்கும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. பறப்பவர்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே புரிந்துகொண்டு செய்தது.

ட்ரோன்களிடம் இருப்பது ரிமோட் ஐடி. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வைஃபை அல்லது புளூடூத் வழியாக ட்ரோன் தன் அடையாளத்தையும் இடத்தையும் சொல்லும். இது தரையில் நிற்கும் அதிகாரிகள் யாருடைய ட்ரோன் என்று கண்டுபிடிப்பதற்காக அமைந்தது. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வரும் விமானிக்கு அதன் எட்டும் தூரம் போதாது. அப்படியானால் ட்ரோன்களும் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பட்டுமே என்றால், அமெரிக்காவில் சிறிய ட்ரோன்கள் அப்படிச் செய்யக் கூடாது என்று விதியே இருக்கிறது. லட்சக்கணக்கான ட்ரோன்கள் ஒரே அலைவரிசையில் பேச ஆரம்பித்தால் பெரிய விமானங்களின் குரல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும் என்ற அச்சம். அது பொய்யான அச்சம் இல்லை.

கேட்பதற்கு மட்டும் தடையில்லை. விமானங்களின் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பைக் கேட்டு, இயக்குபவரை எச்சரிக்கும் வசதியை டிஜேஐ தன் ட்ரோன்கள் பலவற்றில் சேர்த்திருக்கிறது. நல்ல காரியம். ஒலிபரப்பாத பாராகிளைடரை அந்தக் கருவியும் அறியாது.

ஐரோப்பாவில் ஒரு நடுவழி தேடுகிறார்கள். ஏடிஎஸ்-எல் என்ற பெயரில், விலை குறைந்த, எடை குறைந்த, கைப்பேசி அளவிலான கருவிகளும் பேசக்கூடிய ஓர் எளிய ஒலிபரப்பு முறையை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை வகுத்தது. அதோடு, ட்ரோன்களுக்கென ஒதுக்கப்படும் யு-ஸ்பேஸ் வான்வெளிக்குள், கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் இல்லாமல் நுழையும் எந்த விமானமும் மின்னணு முறையில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி 26 முதல் இருக்கிறது.

வழி விடுவது யார்

வானத்தில் முதல் வழி யாருக்கு என்பதற்கு ஒரு பழைய வரிசை உண்டு. எஞ்சின் விமானம், வாயு நிரப்பி மிதக்கும் வான்கப்பலுக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் வழி விட வேண்டும். வான்கப்பல், கிளைடருக்கும் பலூனுக்கும் வழி விட வேண்டும். கிளைடர், பலூனுக்கு வழி விட வேண்டும். பலூன் யாருக்கும் வழி விட வேண்டியதில்லை, ஏனென்றால் அதனால் முடியாது. காற்று போகும் திசைதான் அதன் திசை. கடலில் எஞ்சின் படகு பாய்மரத்துக்கு ஒதுங்குவதும் இதே நியாயத்தில்தான். யாரால் விலக முடியுமோ அவர் விலக வேண்டும். விலக முடியாதவருக்கு முன்னுரிமை. மனிதர்கள் எழுதிய போக்குவரத்து விதிகளிலேயே மிக நேர்மையானது இது என்று நினைக்கிறேன். இதில் பெரியவர், சிறியவர், பணம் சம்பாதிப்பவர், வேடிக்கைக்குப் பறப்பவர் என்ற பேதம் இல்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு, பார்வைக்கு அப்பால் பறக்கும் ட்ரோன்களுக்கான புதிய விதிகளை முன்மொழிந்தது. பொருள் விநியோகம், குழாய்ப்பாதை ஆய்வு, பயிர்ப்பணி போன்றவை இதனால் பெருமளவில் நடக்க வழி பிறக்கும். அதற்குள் ஒரு பிரிவு. ஒலிபரப்பும் விமானத்துக்கு ட்ரோன் வழி விட வேண்டும். ஒலிபரப்பாத விமானத்தைவிட, நெரிசலான வான்வெளி, விமான நிலையச் சுற்றுப்புறம் போன்ற சில விலக்குகள் தவிர, ட்ரோனுக்கே முன்னுரிமை. சிறு விமானக்காரர்களும் பாராகிளைடர், கிளைடர், பலூன் சங்கத்தினரும் பதறிப்போனார்கள். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது.

மறுபக்க வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சிப்லைன் நிறுவனத்தின் ட்ரோன்கள் ருவாண்டாவில் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. அந்தப் பயனை எந்தப் பாராகிளைடர் சங்கமும் மறுக்க முடியாது. ஒலிபரப்பாத துணி இறக்கையைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கும் கருவி எடை மிகுந்தது, விலை மிகுந்தது. ஒரு சிறு கருவியைப் பறப்பவர் சட்டையில் மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லதுதானே என்கிறார்கள். மாட்டிக்கொள்வது நல்லது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. கிளைடர்க்காரர்கள் யாரும் கட்டாயப்படுத்தாமலே ஃபிளார்ம் வாங்கியவர்கள்.

நான் மறுப்பது, அந்தக் கருவியை முன்னுரிமைக்கு நிபந்தனை ஆக்குவதை. பேட்டரி தீர்ந்துபோகும். நெஞ்சில் மாட்டிய ஆண்டெனாவை உடலே மறைக்கும். பின்னாலிருந்து வருவதற்கு அவர் தெரிய மாட்டார். மலை முகடு நடுவில் வந்தால் ஒலிபரப்பு நின்றுவிடும். அப்போது அவர் தன் உரிமையை இழந்துவிட்டார், இழந்தது அவருக்கே தெரியாது. ஒரு பொருளை மட்டும் சுமக்கும் இயந்திரம் தன் பாதையில் நேராக வருகிறது. 35 சென்டிமீட்டர் அகலத்தை அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்து விலக வேண்டும் என்று முன்மொழியப்பட்ட விதி எதிர்பார்க்கிறது. முன்பே பார்த்த 12.5 நொடிக் கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. பழைய வரிசை, முடியாதவர் மீது கடமையைச் சுமத்தவில்லை. புதியது சுமத்துகிறது.

ஒலிபரப்பாததைக் கண்டுபிடிக்க இயந்திரத்தால் முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. அதே சிப்லைன், மைக்ரோபோன்கள் மூலம் சுற்றியுள்ள விமானங்களின் சத்தத்தைக் கேட்டு விலகும் முறையை உருவாக்கி, அமெரிக்காவில் 2023இல் தரைக் கண்காணிப்பாளர் இல்லாமல் பறக்க அனுமதி பெற்றது. சத்தமில்லாத கிளைடருக்கு அது உதவாது. அதற்குக் கேமராவோ சிறு ரேடாரோ வேண்டும். செலவாகும். அந்தச் செலவை வானத்துக்குப் புதிதாக வரும் தொழில் ஏற்க வேண்டுமா, நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே இருப்பவர்கள் ஏற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பொழுதுபோக்குக்காக ட்ரோன் விடுபவர்களையும் இந்த இடத்தில் மறக்கக் கூடாது. அவர்களும் பறப்பை நேசிப்பவர்கள்தான். பொம்மை விமானம் விட்டு வளர்ந்த தலைமுறைக்கு இப்போது அமெரிக்காவில் ரிமோட் ஐடி இல்லாமல் பறக்க வேண்டுமென்றால் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட திடல்களுக்குத்தான் போக வேண்டும். பத்தாண்டுகளாக எந்தத் தவறும் செய்யாமல் மாடல் விமானம் விட்ட முதியவர், கேட்விக்கில் யாரோ செய்ததாகச் சொல்லப்பட்ட காரியத்துக்கான விலையின் ஒரு பகுதியைக் கொடுக்கிறார். வர்த்தக ட்ரோன்களின் பாதைகள் தாழ்வான வானத்தை நிரப்பும்போது அவருக்கும் பாராகிளைடருக்கும் ஒரே நெருக்கடிதான் வரப்போகிறது.

விதி எழுதுபவர்களிடம் ஒரு தொழில்நுட்பக் கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது, அதை யாரும் தவிர்க்க முடியாது. விலகும் கணிப்புகளில் எளியது, எதிரில் இருப்பது நேர்கோட்டில் போகும் என்று எடுத்துக்கொள்வது. தெர்மலில் ஏறும் பாராகிளைடர் நேர்கோட்டில் போவதே இல்லை. சில பத்து மீட்டர் விட்டத்தில் சுற்றிக்கொண்டே, காற்றோடு மெல்ல நகர்ந்தபடி, நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே எழும். ஒரு நொடி இந்தத் திசை, பத்து நொடி கழித்து எதிர்த் திசை. ஃபிளார்ம் உருவாக்கியவர்கள் தாங்களே அப்படிச் சுற்றியவர்கள் என்பதால் அந்த வட்டத்தைக் கணக்கில் சேர்த்தார்கள். விநியோக ட்ரோனின் கணினிக்கு அந்த வட்டத்தை யார் கற்றுத்தருவது, கற்றுக்கொண்டது என்பதை அனுமதி தரும் முன் யார் சோதித்துப் பார்ப்பது?